மண் அட்டை சொன்னது மரத்தடியின் கணக்கு

தாராபுரம் வட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெண் ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமல் இருக்க ஊரையும் சில விவரங்களையும் விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு 14 ஏக்கர் கொரங்காடு, அதாவது வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம். நான்கு எருமை, மூன்று காங்கேயம் பசு, இருபத்தைந்து செம்மறி ஆடுகள். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, வாரம் ஒருமுறைதான் வருவார். மாமனார் இருந்தவரை காட்டை அவர் பார்த்துக்கொண்டார். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு புல் குறைந்துகொண்டே வருகிறது. பாலும் குறைந்து, இப்போது ஆண்டுக்கு 6,000 லிட்டர் அளவில் நிற்கிறது. மழை பெய்தால் தண்ணீர் செம்மண்ணாக இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு இடையிலான வண்டிப் பாதையில், ஓடுகிறது. “சாணி விழுந்தால் மாசக்கணக்கில் அப்படியே அப்பளமாகக் கிடக்கிறது ஐயா, முன்னெல்லாம் இப்படி இல்லை” என்கிறார். ஒரு பசு எலும்பைக் கடிக்கிறது. இரண்டு எருமைகள் பருவத்துக்கு வரவில்லை.

மண் பரிசோதனை செய்திருக்கிறார். அட்டையில் கார அமில நிலை (pH) 8.2, உப்பின் நிலை 0.3, அங்ககக் கரிமம் (மக்கிய பொருளிலிருந்து மண்ணில் தங்கும் கரிமம்) 0.38 சதவீதம். தழைச்சத்து (நைட்ரஜன்) எக்டருக்கு 165 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 24, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 410. இதைப் பார்த்த உரக்கடைக்காரர் ஜிப்சமும் யூரியாவும் போடச் சொல்கிறார். கொழுந்தனார், மொத்தக் காட்டையும் ரோட்டவேட்டர் விட்டு ஓட்டி, கடன் வாங்கிப் போர் போட்டு, கோ-5 என்கிற கம்பு நேப்பியர் ஒட்டுத் தீவனப் புல் நடலாம் என்கிறார். சாணமும் கோமியமும் கரைத்துப் புளிக்கவைத்த ஜீவாமிர்தம் மட்டும் ஊற்றினாலே மண் மூன்று மாதத்தில் மாறிவிடும் என்கிறார் இன்னொருவர். “யார் சொல்வதைக் கேட்பது?” என்பது அவர் கேள்வி.

அன்புள்ள அம்மணிக்கு,

கால்நடை மருத்துவரிடம் மண்ணைப் பற்றிக் கேட்கிறோமே என்று கடிதத்தில் தயங்கியிருக்கிறீர்கள். அந்தத் தயக்கமே வேண்டாம். மேய்ச்சலை நம்பிப் பால் கறக்கிற வீட்டில் மாட்டின் உடம்பும் மண்ணின் உடம்பும் வேறு வேறு இல்லை. நீங்கள் சொன்ன ஐந்தாறு குறைகளில் பாதியை மண்ணிலும் மீதியை மாட்டிலும் பார்க்க வேண்டியிருக்கிறது. முதலில் அட்டையை எடுத்துக்கொள்வோம், எல்லாரும் அதைக் காட்டித்தான் உங்களைக் குழப்புகிறார்கள்.

அட்டையில் இருப்பது எந்த மண்?

கடிதத்தின் நான்காம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “வெயில் தாங்காமல் பெரிய வெள்வேல மரத்தடியிலேயே பையன் ஒரு அடி ஆழம் தோண்டி மண் எடுத்தான்.” அந்த வரியில்தான் விஷயமே இருக்கிறது.

உங்கள் மாடுகள் பகலில் எங்கே படுக்கும்? அந்த மரத்தடியில். காடு முழுக்க மேய்ந்துவிட்டு நிழலுக்கு வந்து அசைபோட்டு, எழுந்ததும் அங்கேயே சாணியும் கோமியமும் போடும். மணிச்சத்து பெரும்பாலும் சாணி வழியாக வெளியே வரும், சாம்பல்சத்து பெரும்பாலும் கோமியம் வழியாக. வருடக்கணக்கில் 14 ஏக்கரின் சத்து மாட்டின் காலோடு நடந்து வந்து அந்த ஒரு மரத்தடியில் இறங்கியிருக்கிறது. சாம்பல்சத்து 280-க்கு மேல் இருந்தால் அதிகம், மணிச்சத்து 22-க்கு மேல் இருந்தால் அதிகம் என்பது ஆய்வகக் கணக்கு. உங்கள் அட்டையில் இரண்டும் ‘அதிகம்’ என்று வந்ததற்கு மரத்தடிதான் காரணமாக இருக்கும். காட்டின் நடுவில் அந்த அளவு இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

அடுத்தது ஆழம். புல் நிலத்துக்கு மண் மாதிரி எடுக்க வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் ஆழம் 5 சென்டிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம். நெல், கடலைக்கு 15 சென்டிமீட்டர். ஒரு அடி தோண்டியதில் கீழே இருக்கிற சுக்கான் மண்ணும் கலந்து வந்திருக்கும். உங்கள் பக்கத்து நிலத்தில் கைப்பிடி ஆழத்துக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அது கலந்தால் கார அமில நிலை ஏறும். அங்ககக் கரிமம் மேல்மண்ணில்தான் சேரும் என்பதால் ஆழ மண் கலந்தால் அது குறைந்து தெரியும். ஆக இடம் தப்பானதால் இரண்டு எண்கள் ஏறியிருக்கின்றன, ஆழம் தப்பானதால் இன்னும் இரண்டு எண்கள் மாறியிருக்கின்றன. ஆய்வகத்தின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடுத்த மண்ணுக்கு அவர்கள் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு முறை எடுத்துவிடுங்கள். வரும் சித்திரை, வைகாசியில் மழைக்கு முன் எடுப்பது நல்லது. காட்டை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: மேட்டுப் பக்கம், பள்ளப் பக்கம், மரத்தடியும் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்த பகுதி. ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடத்தில், மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, இரண்டு அங்குல ஆழத்துக்கு மண் எடுத்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் போடுங்கள். தகர வாளி வேண்டாம், அதில் பூசியிருக்கும் துத்தநாகம் மண்ணில் ஏறிவிடும். துருப்பிடித்த மண்வெட்டியும் வேண்டாம். வாளி மண்ணைச் சாக்கில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிடுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு, பகுதியின் பெயரை எழுதி அனுப்புங்கள். மூன்று பகுதிக்கும் தனித்தனி அட்டை வரட்டும். மரத்தடி அட்டைக்கும் மேட்டு அட்டைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால், உங்கள் காட்டில் சத்து எந்தத் திசையில் போகிறது என்று யாரும் சொல்லாமலே புரியும்.

ஜிப்சம் இப்போதைக்கு வேண்டாம். அது சோடியம் ஏறிக் களர் ஆகிப்போன நிலத்துக்கான மருந்து. களர் நிலத்தில் கார அமில நிலை பொதுவாக 8.5-ஐத் தாண்டி நிற்கும். உங்களுடையது சுண்ணாம்பு கலந்த மண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு கட்டியை எடுத்து அதன்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. அந்த மண்ணில் ஜிப்சம் போடுவது, சுண்ணாம்பு இருக்கிற இடத்தில் இன்னும் சுண்ணாம்புச்சத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவதுதான். யூரியாவும் அப்படித்தான். கார மண்ணின் மேல், ஈரமில்லாத நேரத்தில் தூவினால் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். கையில் இருக்கிற காசுக்கு இதைவிட நல்ல வேலை இருக்கிறது.

காட்டிலேயே நீங்கள் செய்யக்கூடிய பரிசோதனை

அட்டை சத்தின் அளவைச் சொல்லும். தண்ணீர் இறங்குமா, வேர் இறங்குமா, உயிர் இருக்கிறதா என்று சொல்லாது. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இட்டேரியில் ஓடுகிற செம்மண் தண்ணீர். ஒரு ஏக்கரில் ஒரு அங்குல மழை பெய்தால் அது ஒரு லட்சம் லிட்டர், கிட்டத்தட்ட பத்து டேங்கர் லாரித் தண்ணீர். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டிய மழையில் பிழைக்கிற காட்டில் அதை ஓடவிடுவதைவிடப் பெரிய நட்டம் எதுவும் இல்லை.

6 அங்குல பிவிசி குழாயில் அரை அடித் துண்டு ஒன்று வெட்டி வாங்குங்கள். மண்ணில் வைத்து, மேலே பலகை வைத்துத் தட்டி, பாதி உயரம் இறக்குங்கள். உள்ளே ஒரு பாலித்தீன் தாளை விரித்து 450 மில்லி தண்ணீர் ஊற்றி, தாளை மெதுவாக உருவிவிடுங்கள். அந்தக் குழாய்க்குள் 450 மில்லி என்பது ஓர் அங்குல மழை. முதல் தடவை ஊற்றுவது மண்ணை நனைக்க. அது இறங்கியதும் இன்னொரு 450 மில்லி ஊற்றி, அது இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று போனில் பாருங்கள். இதை இரண்டு இடத்தில் செய்ய வேண்டும்: தண்ணீர்த் தொட்டிக்குப் பத்தடி தள்ளி ஒன்று, கிளுவை வேலியை ஒட்டி மாட்டின் கால் படாத மூலையில் ஒன்று. ஒரே காடு, ஒரே மண், ஒரே மழை. இரண்டு நேரத்துக்கும் இருக்கிற இடைவெளி, குளம்பு மிதித்து இறுகியதால் வந்தது. வேலியோரத்தில் இறங்குகிற வேகம்தான் உங்கள் மண்ணால் முடிகிற வேகம். வேறு எந்த ஊர் அளவோடும் ஒப்பிட வேண்டியதில்லை.

அதே இரண்டு இடத்திலும் மண்வெட்டியால் ஒரு கட்டி பெயர்த்து வேரைப் பாருங்கள். வேர் நேராகக் கீழே போகிறதா, இரண்டு மூன்று அங்குலத்தில் மடங்கிப் பக்கவாட்டில் ஓடுகிறதா என்பது போதும். காய்ந்த கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக இறக்கிவையுங்கள். ஐந்து நிமிடம் கழித்தும் கட்டியாக நின்றால் உள்ளே மக்கிய பொருள் இருந்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. போட்டதும் கரைந்து சேறானால், மழையிலும் அது அப்படித்தான் கரைகிறது. இட்டேரியில் ஓடுவது அதுதான்.

அப்புறம், அந்த அப்பளச் சாணி. கோடையில் விழுந்த சாணி காய்ந்து கிடப்பது இயற்கை, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்திலும் அப்படியே கிடந்தால் அது நோய்க்குறி. நல்ல காட்டில் இரண்டாம் நாள் ஒரு சாணியைக் குச்சியால் புரட்டினால், மேல் ஓடு மட்டும் நிற்கும், உள்ளே சல்லடையாகத் துளைத்திருக்கும். அடியில் மண் பொலபொலவென்று கிளறப்பட்டு, விரல் நுழைகிற துளைகள் இருக்கும். சாணி வண்டு செய்கிற வேலை அது. சாணியை மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போய், போகிற வழியில் தண்ணீர் இறங்கவும் வழி செய்கிறது. கூலி கேட்காத ஆள்.

இந்த இடத்தில் என் துறையின் பங்கை மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஐவர்மெக்டின் என்கிற புழு நீக்க ஊசி போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மருந்து சாணி வழியாகவும் வெளியேறும், அந்தச் சாணியில் முட்டையிட்ட வண்டின் புழுக்களைக் கொல்லும். பணியில் இருந்த காலத்தில் நானே இதை யோசிக்காமல் பல மாடுகளுக்குப் போட்டிருக்கிறேன், சாணியைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்குப் பின்னால்தான் வந்தது. கறவையில் இருக்கும் மாட்டுக்கு இந்த ஊசி போடவே கூடாது, பாலில் மருந்து வரும். அதை இன்றே நிறுத்துங்கள். மற்றவற்றுக்கும் நாள் கணக்கு வைத்துப் போடாமல், சாணி மாதிரியைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் புழு முட்டை பார்த்து, தேவையானதற்கு மட்டும் மருந்து கொடுக்கச் சொல்லுங்கள். அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் போன்றவை வண்டுக்கு அவ்வளவு தீங்கு செய்வதில்லை. எதைக் கொடுப்பது, சினை மாட்டுக்குக் கொடுக்கலாமா என்பதை மாட்டை நேரில் பார்க்கிற மருத்துவர் முடிவு செய்யட்டும்.

பாலில் போவதும் எருவில் போவதும்

“பால் கறந்து விற்பதால்தான் மண் சத்து போகிறதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் போகிறது. உங்கள் 6,000 லிட்டர் பாலோடு ஆண்டுக்குச் சுமார் 35 கிலோ தழைச்சத்து, 14 கிலோ மணிச்சத்து, 10 கிலோ சாம்பல்சத்து கேட்டைத் தாண்டிப் போகும். ஆனால் வருடம் ஐந்து டிராக்டர் டிப்பர் எருவைத் தென்னந்தோப்புக்கு விற்கிறீர்களே, அந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரு டிப்பர் 2 டன் என்று வைத்தால் 10 டன் எரு. சாதாரணத் தொழு எருவில் நூறு கிலோவுக்கு அரைக் கிலோ தழைச்சத்து, 200 கிராம் மணிச்சத்து, அரைக் கிலோ சாம்பல்சத்து இருக்கும். ஆக 50 கிலோ, 20 கிலோ, 50 கிலோ. சாம்பல்சத்தில் மட்டும் பாலோடு போவதைப் போல ஐந்து மடங்கு. போதாததற்குக் கட்டுத்தரையில் விழுகிற கோமியம் கழுவுகிற தண்ணீரோடு சாக்கடையில் போகிறது. இதில் ஒரு பகுதி நீங்கள் வாங்கிப் போடுகிற தீவனத்திலிருந்தும் புண்ணாக்கிலிருந்தும் வந்தது என்பது உண்மைதான். இருந்தாலும் மூன்று வருடமாகக் காட்டுக்குத் திரும்பிப் போனது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் மாமனார் ஆட்டுப்பட்டியை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றிப் போடுவார் என்று அத்தை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் போனபிறகு பட்டி வீட்டுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது. புல் குறைய ஆரம்பித்த காலமும் பட்டி நின்ற காலமும் ஒன்றாக இருப்பது தற்செயலாக எனக்குப் படவில்லை. ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் அந்த வருடப் புல்லிலேயே தெரியும்.

எரு விற்ற காசு அத்தையின் கைச்செலவுக்குப் போகிறது என்பதும் தெரிகிறது. அதை ஒரேயடியாக நிறுத்தி வீட்டில் மனக்கசப்பை உண்டாக்க வேண்டாம். இந்த வருடம் இரண்டு டிப்பர் விற்கட்டும், மூன்று காட்டுக்குப் போகட்டும். 14 ஏக்கருக்கும் தூவாமல், மேட்டில் எங்கே மண் மொட்டையாகத் தெரிகிறதோ அந்த இரண்டு மூன்று ஏக்கருக்கு மட்டும் புரட்டாசியில், மழைக்கு முன் கொட்டி இறையுங்கள். அடுத்த வருடம் அடுத்த இரண்டு ஏக்கர். பட்டியை மறுபடி நகர்த்துங்கள். உங்களால் தனியாகப் படல் தூக்க முடியாது என்றால் கம்பி வலையில் மடிகிற பட்டியாகச் செய்துகொள்ளலாம். நாய், நரிக்கு எட்டாத உயரம் இருக்க வேண்டும். தண்ணீருக்கு சிமெண்ட் தொட்டியை மட்டும் நம்பாமல், பாதியாக அறுத்த பிளாஸ்டிக் டிரம் ஒன்றைக் காட்டின் எதிர் மூலையில் வைத்து மாற்றி மாற்றி நிரப்புங்கள். தண்ணீர் இருக்கிற பக்கம் மாடு நிற்கும், மாடு நிற்கிற பக்கம் சாணி விழும்.

ஜீவாமிர்தத்தைப் பற்றி. ஊற்றுவதில் கெடுதல் இல்லை. ஆனால் ஏக்கருக்கான 200 லிட்டரில் போடுகிற சாணம் 10 கிலோ, கோமியம் ஐந்து பத்து லிட்டர். 10 டன்னை வெளியே அனுப்பிவிட்டு 10 கிலோவைக் கரைத்து ஊற்றினால் கணக்கு எப்படிச் சரியாகும்? மூன்று மாதத்தில் மண் மாறாது. மேல் அரை அடி மண் மட்டும் ஒரு ஏக்கருக்குச் சுமார் 900 டன் எடை. அங்ககக் கரிமம் 0.38-லிருந்து 0.5-க்கு ஏற வேண்டுமானால் ஒரு டன்னுக்கும் மேல் கரிமம் அதில் நிலையாகத் தங்க வேண்டும். நாம் போடுவதில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று காற்றில் விட்டுவிடும், கொஞ்சம்தான் தங்கும். அதனால் இது வருடக்கணக்கு வேலை. அதிகம் தங்கவைப்பது நாம் கொட்டுவதைவிட, மண்ணுக்குள்ளேயே பிறந்து மடிகிற புல் வேர்தான். ஆகவே புல்லுக்கு ஓய்வு கொடுப்பதுதான் மண்ணுக்கான முதல் உரம்.

எத்தனை நாள் மேயலாம்?

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள். மார்கழியில் புல் முற்றி நிற்கும்போது, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் ஒன்றைக் காட்டில் ஐந்தாறு இடத்தில் கண்ணை மூடிப் போட்டு, உள்ளே இருக்கிற புல்லை அறுத்துக் காயவைத்து எடை போடுங்கள். சராசரி 100 கிராம் என்றால் ஏக்கருக்கு 400 கிலோ காய்ந்த புல். உங்கள் காட்டில் 200 கிராம் வருகிறது என்று வைப்போம். ஏக்கருக்கு 800 கிலோ, 14 ஏக்கருக்கு 11,200 கிலோ. அதில் பாதியைத்தான் தின்னவிட வேண்டும், மறுபாதி மண்ணை மூடவும் தூர் பிழைக்கவும் வேண்டும். மிச்சம் 5,600 கிலோ. பெரிய மாடு ஒன்றுக்கு ஒரு நாளைக்குப் பத்துக் கிலோ, ஆட்டுக்கு ஒரு கிலோ என்று வைத்தால் உங்கள் பட்டிக்கு 95 கிலோ. ஆக 59 நாள்.

இரண்டு மாதம்தான், அம்மணி. இடையில் கோடை மழை பெய்து துளிர்த்தால் கொஞ்சம் கூடும். நீங்கள் பத்து மாதம் கடவை, அதாவது காட்டு வேலியின் வாசலை, திறந்து விடுகிறீர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, வேறு வழி தெரியாமல்தான் விடுகிறீர்கள். மேய்ச்சலை நிறுத்தச் சொல்லவும் இல்லை. காட்டை நான்கு துண்டாக அடைத்து (பழைய கிளுவை உள்வேலி ஒன்று இருக்கிறது என்கிறீர்கள், நல்லது), ஒன்றில் மேயும்போது மற்ற மூன்றுக்கும் ஓய்வு கொடுங்கள். புல் முட்டி உயரம் வந்ததும் உள்ளே விட்டு, கைமுஷ்டி உயரத்துக்கு இறங்கியதும் வெளியே எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வருடமும் ஒரு துண்டை ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து விதை உதிரும்வரை பூட்டிவையுங்கள். அடுத்த வருடம் அடுத்த துண்டு. நல்ல மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாளைக்கு எந்தத் துண்டிலும் எருமையை விட வேண்டாம். ஈரமண்ணில் பதிகிற குளம்புதான் மண்ணை அதிகம் இறுக்குகிறது. அந்த நாட்களுக்குச் சோளத்தட்டும் வைக்கோலும் இருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டில் கிடாக்களைச் சீக்கிரம் விற்று எண்ணிக்கையைக் குறைக்க முடிந்தால் அதுவும் உதவும். அது உங்கள் வீட்டு வரவு செலவைப் பொறுத்தது.

கொரங்காட்டை ஓட்டிவிடலாமா?

கொழுந்தனார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பால் வேண்டுமானால் பச்சை வேண்டும், காட்டில் இருக்கிற கொழுக்கட்டைப் புல்லை மட்டும் காய்ந்தபடி தின்று எருமை கறக்காது. கோ-5 ஏக்கருக்கு ஆண்டுக்கு 150 டன் என்பதும் பொய்யில்லை. ஆனால் அது வருடம் முழுக்கத் தண்ணீரும் முழு உரமும் கொடுத்த நிலத்தின் கணக்கு. 14 ஏக்கருக்கு அந்தத் தண்ணீர் உங்களிடம் இல்லை. கடன் வாங்கிப் போட்ட போர் ஒரு கோடையில் வற்றிக் காற்று விட்டால் புல்லும் இருக்காது, காடும் இருக்காது, தவணை மட்டும் இருக்கும். கொழுக்கட்டைத் தூர் வறட்சியில் காய்ந்து நின்று, ஒரு மழைக்கு மறுபடி துளிர்க்கிற உயிர். ரோட்டவேட்டர் அந்தத் தூரைச் சல்லி சல்லியாக வெட்டி, மண்ணைப் புழுதியாக்கிவிடும். புழுதியான செம்மண் முதல் மழையில் மேலே ஓடு கட்டும். கோடையில் நெற்று உதிர்த்து ஆட்டுக்குத் தீனி போடுகிற வெள்வேல மரங்களும் அதோடு போகும்.

நடுவழி ஒன்று சொல்கிறேன். கட்டுத்தரையை ஒட்டி நாற்பது, ஐம்பது சென்ட்டில் கோ-5 நடுங்கள். கட்டுத்தரை கழுவுகிற தண்ணீர், கோமியம் எல்லாம் ஒரு தொட்டியில் சேர்ந்து அந்தப் பாத்திக்கே போகட்டும். சாக்கடையில் போகிற தழைச்சத்தும் சாம்பல்சத்தும் அங்கே புல்லாகிவிடும். வரப்பில் வேலிமசால், அது பயறு வகைத் தீவனம். கோ-5 மட்டுமே தின்னக் கொடுக்க வேண்டாம், அதில் இருக்கிற ஆக்சலேட் மாட்டின் சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போடும். கால்வாசியாவது பயறு வகைத் தீவனம் சேரட்டும்.

காட்டில் உண்மையிலேயே தூர் செத்துப்போன இடம் இருந்தால் அதை மட்டும் புதுப்பிக்கலாம். சில வருடத்துக்கு ஒருமுறை மழை ஈரத்தில் ஓர் உழவு போட்டு, ஏதாவது விதைத்து, மறுபடி புல்லுக்கு விடுகிற வழக்கம் உங்கள் பக்கத்தில் பல இடங்களில் உண்டு, அத்தைக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு ஏக்கர் போதும். சரிவுக்குக் குறுக்கே ஐந்து கொழுக் கலப்பையால் ஒரே உழவு. கொள்ளோடு கொழுக்கட்டை விதையைக் கலந்து விதையுங்கள். புது விதை உடனே முளைக்காது, ஆறு எட்டு மாதம் உறங்கும். அதனால் இந்த மார்கழியில் உருவிய விதையை அடுத்த புரட்டாசிக்கு வையுங்கள். பஞ்சு மாதிரி பறக்கிற விதை என்பதால் செம்மண்ணும் சாணியும் குழைத்து உருண்டை பிடித்துப் போடுங்கள். செம்மண் ஆழமாக இருக்கிற இடத்தில் முயல்மசாலும் (இதுவும் பயறு வகைத் தீவனம்தான்) சேர்க்கலாம். சுக்கான் மேலேயே தெரிகிற இடத்தில் அது சுணங்கும், அங்கே வேலிமசால் அல்லது சங்குப்பூ. நரிப்பயறு தானாக வந்தால் களை என்று பிடுங்கிவிடாதீர்கள், அது காட்டுக்கே உரியது. முதல் வருடம் அந்த இரண்டு ஏக்கருக்குள் ஒரு ஆடும் போகக் கூடாது. கொள்ளுக்குப் பதில் சோளம் விதைப்பதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை: இளஞ்சோளத்திலும், வாடி மறுபடி துளிர்த்த சோளத்திலும் சயனைடு நச்சு இருக்கும். பூவெடுக்கும் முன் மாட்டை விடவே விடாதீர்கள். காலையில் விட்ட மாடு மதியத்துக்குள் கீழே விழுந்து கிடந்த வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன்.

எலும்பு கடிக்கிற பசு

இதைக் கடைசியில் எழுதினாலும் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், உடம்பில் குறைந்த மாடுதான் பெரும்பாலும் எலும்பு, துணி, கயிறு என்று கடிக்கும். அட்டையில் மணிச்சத்து அதிகம் என்று இருக்கிறதே என்பீர்கள். அது மரத்தடி மண், மாடு மேய்வது மேட்டில். சுண்ணாம்பு மண் மணிச்சத்தைப் பிடித்துவைத்துப் புல்லுக்குக் கொடுக்காது. போதாததற்கு, முற்றிக் காய்ந்த புல்லில் அது இன்னும் குறையும். காட்டில் கிடக்கும் எலும்புகளை இன்றே பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடுங்கள். செத்த பிராணியின் எலும்பைக் கடிக்கிற மாட்டுக்கு நச்சு ஏறிக் கால் விழுந்துபோகிற ஆபத்து உண்டு, அதற்குப் பிறகு மருத்துவர் வந்தும் பெரிதாகப் பயன் இருக்காது.

கறவை மாடு ஒவ்வொன்றுக்கும் தினம் 50 கிராம் தாதுஉப்புக் கலவையைத் தீவனத்தில் கலந்து கொடுங்கள். வயிற்றில் புழு இருந்தாலும் இந்தப் பழக்கம் வரும், அதனால் சாணிப் பரிசோதனையில் அந்தப் பசுவின் சாணியை முதலில் கொடுங்கள். பருவத்துக்கு வராத எருமைகளுக்கும் தாதுஉப்பு உதவும். ஆனால் எருமை கோடையில் சத்தமில்லாமல் பருவத்துக்கு வந்து போய்விடும், கத்தாது. ஆகவே மருந்தகத்தில் கருப்பையைப் பரிசோதிக்கச் சொல்லிவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். இந்தக் கலவைக்குச் செலவழிக்கிற காசு வீணாகாது. மாடு எடுத்ததுபோக மீதி சாணி வழியாக உங்கள் காட்டுக்கே வரும், அந்தச் சாணியை நீங்கள் விற்காமல் வைத்திருந்தால்.

ஐப்பசி மழை தொடங்கி ஒரு வாரம் கழித்து, அந்த பிவிசி குழாயை இரண்டு இடத்திலும் இறக்கி, தொட்டிப் பக்கம் எத்தனை நிமிடம், வேலியோரம் எத்தனை நிமிடம் என்று எழுதி அனுப்புங்கள். கூடவே, மேட்டில் இரண்டு நாள் பழைய சாணி ஐந்தைப் புரட்டி, எத்தனையில் வண்டுத் துளை இருந்தது என்பதையும் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு, உள்வேலியை எங்கே போடுவது என்று பேசுவோம்.